மாலை கழற்றிய மறுநாள்

மனநல மருத்துவரிடம் போகத் தயங்கும் மும்பைத் தமிழ் ஆண்கள் கோயிலுக்குப் போகத் தயங்குவதில்லை. கோயிலும் அவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆனால் விரதம் முடிந்த பிறகு?

கார்த்திகை பிறந்துவிட்டால் தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் கறுப்பு வேட்டிகள் தென்பட ஆரம்பித்துவிடும். விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் குளித்து, நெற்றியில் விபூதியும் சந்தனமும் கழுத்தில் துளசிமணி மாலையுமாக ஆண்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். தோல் பட்டறைக்கும், தையல் கூடத்திற்கும், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கும் போகிறவர்கள். காலில் செருப்பு இல்லை. முகத்தில் சவரம் இல்லை. போன வாரம் வரை "டேய்" என்று கூப்பிட்ட முகாதம் இந்த வாரம் "சாமி" என்று அழைக்கிறார். வீட்டில் மனைவியும் "சாப்பிட வாங்க சாமி" என்கிறார். வேலைக்குப் போகும் வழியில்தான் சாராயக் கடை. கால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இப்படி நாற்பத்தொரு நாள். குடிக்கிற ஆண் உள்ள வீட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல. கூலி முழுசாக வீடு வந்து சேரும் நாட்கள் அவை. அடியும் கூச்சலும் இல்லாத இரவுகள். ஐயப்பன் மீது பெண்களுக்கு இருக்கும் பக்தியில் இந்த நன்றியும் கலந்திருக்கிறது.

பிறகு சபரிமலை யாத்திரை முடிந்து மாலை கழற்றப்படுகிறது. மறுநாள் காலை அவர் மீண்டும் "டேய்" ஆகிவிடுகிறார். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆண்களின் மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மும்பையில் கவனிக்க வேண்டிய நாள் இந்த மறுநாள்தான்.

பேசாத எண்ணிக்கை

நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அரசாங்கப் புள்ளிவிவரங்களே சொல்கின்றன. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். நூறு பேரில் சுமார் 72 பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளி. மாநில வாரியாகப் பார்த்தால் அந்த ஆண்டு முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு (22,746). இரண்டாவது இடம் தமிழ்நாட்டுக்கு (19,834). பிறந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும் மும்பைத் தமிழனுக்கு இரண்டு பக்கமும் ஆறுதல் இல்லை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் சுமார் 34,800 பேரிடம் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது. ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தவர்கள் பெண்களில் 7.5 சதவிகிதம், ஆண்களில் 13.9 சதவிகிதம். ஆண்களின் கணக்கை உயர்த்தியதில் மதுவுக்குப் பெரிய பங்கு உண்டு. குடிநோய் உள்ள நூறு பேரில் 86 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

ஏன் போவதில்லை? மருத்துவமனை தூரம் என்று தாராவிக்காரர்கள் சொல்ல முடியாது. சயான் மருத்துவமனை என்று எல்லோரும் சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் நகர்ப்புற சுகாதார மையம் தாராவிக்கு உள்ளேயே இருக்கிறது. 'சோட்டா சயான்' என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். காய்ச்சலுக்கும் டி.பி.க்கும் கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்கிற அதே ஆண், மனசுக்காக நிற்பதில்லை.

முதல் தடை வார்த்தை. 'மனச்சோர்வு' என்பது பத்திரிகைத் தமிழ். பட்டறையில் அதை யாரும் சொல்வதில்லை. "நெஞ்சு படபடக்குது", "தலை கிறுகிறுங்குது", "கைகால் அசதி", "ராத்திரி தூக்கமில்ல" என்று உடம்பைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர்களானால் "டென்ஷன்" என்பார்கள், "கேஸ் ட்ரபுள்" என்பார்கள். 1960-ல் டாக்டர் என்.என். விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டது இப்படி உடம்பின் பாஷையில் வரும் ஒரு மனக் கலக்கத்தைத்தான். தாது நஷ்டமாகி உடல் உருகிப்போகிறது என்று நம்பி ஒடுங்கிப்போகும் இளைஞர்களை அவர் கண்டார். தமிழ்நாட்டில் ஊர் ஊராக லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள் அதற்கு முன்பே இந்தப் பயத்தைக் கண்டுகொண்டு லேகியம் விற்றுக்கொண்டிருந்தார்கள். மும்பையின் மின்சார ரயில் பெட்டிகளில் அதே வேலையை 'பாபா பெங்காலி' நோட்டீஸ்களும் குடியை நிறுத்தும் பொடி விளம்பரங்களும் செய்தன. மருத்துவர் தேடி வரவில்லை. இவர்கள் தேடி வந்தார்கள்.

இரண்டாவது தடை பாஷை. பத்து வருடமாக பம்பாய் இந்தியில் பேரம் பேசுகிறவருக்கும் துக்கம் வருவது தமிழில்தான். எதிரே இருக்கும் டாக்டர் மராத்தியிலோ இந்தியிலோ கேள்வி கேட்கும்போது "வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்ல" என்பதை எப்படிச் சொல்வது? 'பிடிப்பு' என்ற அந்த ஒரு சொல்லில் மருத்துவம் தேடும் நோய்க்குறியும் இருக்கிறது, ஆன்மிகம் தேடும் அர்த்தமும் இருக்கிறது.

மூன்றாவது தடை பயம். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு தரவேண்டியது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை. சட்டம் மாறிவிட்டது. சந்துக்குள் செய்தி போய்ச் சேரவில்லை.

கோயில் என்ன செய்கிறது?

ரயில் பாதையைக் கடந்து கிழக்கே வந்தால் மாட்டுங்கா. அங்கே 1920-களிலேயே தொடங்கப்பட்ட ஆஸ்திக சமாஜமும் பஜனை சமாஜமும், பூக்கடைகளும், வாழையிலையும் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளங்கள். இன்னும் கிழக்கே செம்பூர். ஸ்டெனோவாகவும் குமாஸ்தாவாகவும் வந்தவர்களின் பிள்ளைகள் அணுசக்தி மையத்திலும் உர ஆலையிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பகுதி. சேடா நகரில் 108 படிகள் ஏறிப் போனால் முருகன் நிற்கிறான்.

தாராவிக்கும் செம்பூருக்கும் வருமானத்தில்தான் தூரம். ஆண்களின் மௌனத்தில் தூரம் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரிக்குச் சாராயம் தேவைப்படாமல் இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் தேவைப்படுகின்றன. பிள்ளைகள் அமெரிக்காவில். நாற்பது வருடம் தன்னைத் தாங்கிய நாற்காலி இல்லை. அவரிடம் போய் "உங்களுக்கு ஆலோசகர் தேவை" என்றால் கோபித்துக்கொள்வார். ஆனால் மாலையானால் கோயிலுக்கோ திருப்புகழ் வகுப்புக்கோ கிளம்பிவிடுவார். சம்பிரதாய பஜனையில் உட்கார்ந்து கண்ணீர் வழியப் பாடுவார். வீட்டில் அழ முடியாத ஆண், பத்துப் பேர் நடுவே அழுதாலும் மரியாதை குறையாத இடம் அது ஒன்றுதான்.

மாஹிமில் புனித மைக்கேல் ஆலயத்தில் 1948-லிருந்து புதன்கிழமை தோறும் நடக்கும் நொவேனாவில் சகல மதத்தாரும் வந்து நிற்கிறார்கள். வேண்டுதலைக் காகிதத்தில் எழுதிப் போடுவது அங்கே வழக்கம். வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுதிவிடலாம். சற்றுத் தள்ளி இருக்கும் மக்தூம் பாபா தர்காவிலும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஐயப்ப விரதத்தை ஒரு மனநல மருத்துவர் பார்த்தால் அவருக்கு அதில் பல விஷயங்கள் பழக்கப்பட்டவையாகத் தெரியும். குறிப்பிட்ட நேரத்தில் எழுவது, குளிப்பது, ஒரே வேளையில் சாப்பிடுவது என்ற ஒழுங்கு. தனியாக இல்லாமல் கூட்டமாக இருப்பது. வழிகாட்ட ஒரு குருசாமி. ஒரு தேதி, ஒரு பயணம், ஒரு இலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதை. கூலிக்காரரும் வங்கி அதிகாரியும் ஒருவரையொருவர் சாமி என்று அழைக்கும் ஏற்பாட்டில், தன்மீதே மதிப்பிழந்த ஒரு மனிதனுக்கு நாற்பத்தொரு நாளாவது மதிப்புக் கிடைக்கிறது.

பரிசோதித்த டாக்டர்கள்

இதையெல்லாம் மருத்துவம் எப்போதும் ஏளனமாகத்தான் பார்த்தது என்று சொல்ல முடியாது. மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் மனநலத் துறையை நடத்திய டாக்டர் என்.எஸ். வாஹியா 1960-களிலேயே ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார். பதஞ்சலியின் யோக முறையை மதமாகவும் பார்க்காமல், உடற்பயிற்சியாகவும் குறுக்காமல், சிகிச்சையாக எடுத்துக்கொண்டார். ஆசனம், பிராணாயாமம், பிரத்யாஹாரம், தாரணை, தியானம் என்று ஐந்து படிகள். பதற்றத்தாலும் மனம் சார்ந்த உடல் உபாதைகளாலும் வந்தவர்களுக்கு அதைப் பல வாரங்கள் தொடர்ந்து கற்பித்தார். முழு முறையையும் பயின்றவர்களை, அதன் வெளித்தோற்றத்தை மட்டும் பயின்ற இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார். முழுமையாகப் பயின்றவர்களுக்கே அதிகக் குணம் தெரிந்தது. 1966-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழிலும், 1973-ல் அமெரிக்க இதழிலும் முடிவுகள் வெளியாயின. யோகா உலகச் சந்தைக்குப் போவதற்கு வெகு காலம் முன்பு, மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் நடந்த வேலை இது.

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இன்னொரு கட்டுரை வந்தது. நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ஆர். ரகுராமும் சகாக்களும் எழுதியது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோர் கடுமையான மனச்சிதைவு உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரை கிடையாது, மந்திரச் சடங்கும் கிடையாது. கூட ஒரு உறவினர் இருந்தார். கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். நோயின் தீவிரம் ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைந்தது. பல மனநோய் மருந்துகள் தரும் பலனுக்கு இது நிகர் என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. எனவே கோயில்தான் குணப்படுத்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடிக்காமல், கட்டாமல், ஏச்சுப் பேச்சு இல்லாமல் ஒரு மனிதனை வைத்துக்கொண்டாலே அவன் பாதி தேறுகிறான் என்று சொல்லலாம்.

இதற்கு நேர்மாறான காட்சியை அதற்கு முந்தைய ஆண்டே நாடு பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓடித் தப்பிக்க அவர்களுக்குக் கால்கள் இருந்தன. சங்கிலியும் இருந்தது. நம்பிக்கை கைவிடவில்லை, நம்பிக்கையை வியாபாரமாக்கியவர்கள் கைவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இரண்டையும் இணைக்கும் யோசனை வேகம் பிடித்தது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதர் தர்காவில் 'தவா - துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில் கிடைக்க ஏற்பாடானது. தர்காவின் முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஏர்வாடியும் பின்னர் அந்த வழிக்கு வந்தது. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் அமைந்தது. பூஜையும் உண்டு, மருத்துவரும் உண்டு.

மூன்றாம் நாள் ஆபத்து

மும்பையின் கறுப்பு வேட்டிக்காரர்களுக்கு இதனால் என்ன பயன்? இரண்டு இடங்களில் உயிரே சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதலாவது, மாலை போட்ட மூன்றாம் நாள். வருடக்கணக்கில் தினமும் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. அடுத்து வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், இடம் பொருள் தெரியாமல் பிதற்றுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் சாமி வந்திருக்கிறது என்றோ, விரதத்தில் ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டது என்றோ நினைப்பது இயல்பு. ஆனால் இது மது விலகும்போது வரும் மருத்துவ அவசர நிலை. கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். மருத்துவமனையில் சேர்த்தால் சில நாள் மருந்திலும் வைட்டமின் ஊசியிலும் பெரும்பாலும் சரியாகிவிடும். மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இதில் விரதத்துக்குக் குறைவு எதுவும் வராது.

இரண்டாவது, மாலை கழற்றிய மறுநாள். இங்கேதான் கோயில் கையை விட்டுவிடுகிறது. நாற்பத்தொரு நாள் நிறுத்த முடிந்தது என்பதே சிலருக்கு விபரீத தைரியத்தைக் கொடுக்கிறது. "நான் நினைச்சா நிறுத்திடுவேன்" என்பதற்கு அத்தாட்சியாக அதைக் காட்டிவிட்டு மீதி வருடம் குடிப்பார்கள்.

குடிநோயாளிகளுக்காக 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இந்த மறுநாளை மனத்தில் வைத்தே உருவானது. அங்கே விரதத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதுதான் கணக்கு. முதல் படி, என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது. தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் பொறுப்பை விடுவது அடுத்தது. அந்தச் சக்திக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் மனோதத்துவ மேதை கார்ல் யுங் 1961-ல் அந்தத் தரகருக்கு எழுதிய கடிதத்தில், குடிகாரனின் தாகம் அடிப்படையில் ஓர் ஆன்மிகத் தாகம் என்ற பொருளில் எழுதினார். ஐயப்ப சாமிகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

தாராவிக்கு அடுத்த பாந்திராவில், மவுண்ட் கார்மல் தேவாலயத்தில் 1981-ல் பாதிரியார் ஜோசப் பெரைரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை இதையே இந்திய முறையில் செய்தது. அவர் யோகாசாரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் சீடர். குடிநோயாளிகளின் கூட்டமும் யோகாசனமும் மருத்துவமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஒரு வைணவரிடம் கற்ற யோகத்தால் எல்லா மதத்தாரின் குடியையும் நிறுத்த முயன்றது மும்பைக்கே உரிய விஷயம்.

குருசாமி போதும்

மனநல மருத்துவர்கள் இவ்வளவு பேருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்காத் அமைப்பு நடத்திய சோதனையின் முடிவுகளை லான்செட் இதழ் வெளியிட்டது. ஆபத்தான அளவு குடித்த 377 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்குக் கூடவே பேச்சு வழி ஆலோசனை, அதிகபட்சம் நான்கு அமர்வுகள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பில் 26 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவிகிதம். கடைசி இரண்டு வாரம் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 18-க்கு 42 சதவிகிதம்.

நான்கு முறை உட்கார்ந்து பேசியதன் பலன் இது. பேசுகிறவருக்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் பயிற்சியும் கேட்கிறவரின் பாஷையும் தேவை. தாராவியிலும் செம்பூரிலும் அப்படிப்பட்ட ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். பதினெட்டு முறை மலைக்குப் போய்வந்த குருசாமி. யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கடன், யார் மாலை போட்ட மூன்றாம் நாள் நடுங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் கேட்பார்கள். தர்காவின் முஜாவர் செய்ததை அவரும் செய்யலாம்: "சாமி, பூஜை நடக்கட்டும், நாளைக்கு நானும் கூட வர்றேன், சயான்ல ஒரு கேஸ் பேப்பர் எடுத்துடலாம்." இந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

சொல்ல இன்னும் கூச்சப்படுகிறவர்களுக்கு முகம் காட்டாத வழியும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012-ல் 'ஐகால்' என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியபோதும் நோக்கம் இதுதான்: படியேறி வரத் தயங்குகிறவர் எண்ணைச் சுழற்றவாவது செய்யட்டும்.

செம்பூர் முருகன் கோயிலில் திருப்புகழ் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் அருணகிரிநாதரின் கதை தெரியும். மனம் போனபடி வாழ்ந்து, உடலும் பொருளும் கெட்டு, பிடிப்பெல்லாம் விட்டுப்போய், திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து உயிரை விடத் துணிந்தவர் அவர். முருகன் கையில் தாங்கிக்கொண்டான் என்கிறது கதை. பக்தர்கள் அங்கேயே உருகி நின்றுவிடுகிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. தாங்கியதோடு முருகன் விலகிவிடவில்லை. பாடு என்று ஒரு வேலையையும் கொடுத்தான். அந்த வேலை ஆயுள் முழுவதும் நீடித்தது.

விழுகிறவனைத் தாங்க மும்பையில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. மாலை கழற்றிய மறுநாள் காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி "எப்படி இருக்கீங்க சாமி?" என்று கேட்க ஒரு ஆள்தான் தேவை.